ஆரிஜின் சர்டிபிகேட் வாங்காமல் சரக்கு போய்விட்டது, 5 சதவீத வரியை இனி யார் தருவது?

நொய்யல்கரை, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கமுங்க. பதினொரு வருடம் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வருடம்தான் ஏற்றுமதி, இறக்குமதிக்கு வேண்டிய ஐ.இ. கோடு எடுத்து எங்கள் பெயரிலேயே முதல் ஆர்டர் வாங்கினேன். மெல்போர்ன் பார்ட்டி. 9,600 பீஸ் பனியன், சராசரியாக 4 டாலர் 10 சென்ட், தூத்துக்குடி எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை. மொத்தம் 39,360 டாலர். சரக்கு கொழும்பு வழியாகப் போய்ச் சேர்ந்து, பணமும் முக்கால்வாசி வந்துவிட்டது.

முந்தாநாள் ஒரு மெயில். அங்கே சுங்கத்தில் 5 சதவீதம் வரி கட்டியிருக்கிறார்கள், 1,968 டாலர். இந்தியாவோடு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது, சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் ஆரிஜின் சர்டிபிகேட் வந்திருந்தால் வரியே கிடையாது, நீங்கள் அனுப்பவில்லை, அதனால் மீதிப் பணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்று டெபிட் நோட்டும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். பீசுக்கு 20 சென்ட், நம் கணக்கில் 17 ரூபாய். நூல், சாயம், பிரிண்டிங், கூலி எல்லாம் போக எனக்கு நின்றதே பீசுக்கு 14 ரூபாய்தான்.

சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டால், "நீங்க கேக்கலையே, கேட்டிருந்தா போட்டிருப்போம்" என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. சரக்கு போன பிறகு இந்தச் சர்டிபிகேட் வாங்க முடியுமா? இது யார் பொறுப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகவாசல், தூத்துக்குடி

தம்பி, பதினெட்டு வருடமாக இங்கே கிளியரிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காங்கேயம். முதலில் ஒன்று: அந்த டெபிட் நோட்டை ஒப்புக்கொண்டு பதில் போட்டுவிடாதீர்கள். "சர்டிபிகேட்டுக்கு ஏற்பாடு செய்கிறோம், அதுவரை நிறுத்தி வையுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள்.

சரக்கு போன பிறகும் வாங்கலாம். ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் பின்னால் கொடுக்கும் சர்டிபிகேட்டுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். சரக்கு ஏற்றிய பிறகு கொடுத்தது என்ற குறிப்போடு வரும். தென்கிழக்கு ஆசிய நாடுகள் சேர்ந்த ஆசியான் ஒப்பந்தத்தில் ஏற்றிய நாளிலிருந்து 12 மாதம் வரை கொடுப்பார்கள். ஆஸ்திரேலிய ஒப்பந்தத்திலும் வழி உண்டு. உங்கள் கையில் அது வந்ததும் பார்ட்டிக்கு அனுப்பினால், அவர்களுடைய புரோக்கர் அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்பார். பணம் அவர்களுக்கு வந்துவிட்டால் டெபிட் நோட்டுக்கு வேலையே இல்லை.

ஆரிஜின் சர்டிபிகேட்டில் இரண்டு வகை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, "இது இந்தியச் சரக்கு" என்று சும்மா சொல்வது. அதை வைத்து எந்த வரியும் குறையாது. இன்னொன்று குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் பெயரில், அந்த ஒப்பந்தத்தின் விதிப்படி நம் சரக்கு தேறுகிறது என்று காட்டிக் கொடுப்பது. வரி குறைவது இதில்தான். வெளிநாட்டு வர்த்தகத் துறையான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். எந்த ஒப்பந்தம், எந்த எச்.எஸ். கோடு (சரக்கின் வகை எண்), எப்படித் தேறுகிறது என்று கேட்கும். சுங்கத்தில் போட்ட ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், கப்பல் கம்பெனி கொடுக்கும் பி.எல். மூன்றோடு செலவுக் கணக்கு காட்டும் ஒரு காஸ்ட் ஷீட்டும் வேண்டும். நூல் எங்கே வாங்கினீர்கள், துணி எங்கே ஓட்டினீர்கள் என்பது அதில் வர வேண்டும்.

கொழும்பு வழியாகப் போனதற்குக் கவலைப்படாதீர்கள். அங்கே சுங்கத்தின் கண்காணிப்பில் இறக்கி ஏற்றியதோடு சரி, வேறு எந்த வேலையும் நடக்கவில்லை என்றால் நேரடியாகப் போனதாகவே கணக்கு. தூத்துக்குடியிலிருந்து மெல்போர்ன் வரைக்கும் ஒரே பி.எல். இருக்கிறதல்லவா, அதுவே சாட்சி.

பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். ஏஜென்ட் கேட்டிருக்க வேண்டும், அது தொழில் மரியாதை. ஆஸ்திரேலியா என்று பார்த்ததும் நான் கேட்டிருப்பேன். ஆனால் அந்தத் துணி எந்த நூலில் வந்தது என்பது எந்த ஏஜென்டுக்கும் தெரியாது. சர்டிபிகேட்டில் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுவது ஏற்றுமதியாளர். ஆக, உங்கள் பொறுப்புத்தான்.

பவானி ஆத்தோரம், ஈரோடு

ஏனுங்க, காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிற ஏஜென்ட் கேட்காமல் விட்டால் அவர் பேரில் ஒன்றுமே இல்லையா? புதிதாக வருகிறவனுக்கு இப்படி ஒப்பந்தம் இருப்பதே எப்படித் தெரியும்?

துறைமுகவாசல், தூத்துக்குடி

கோபம் நியாயம்தான். அடுத்த முறை ஏஜென்டுக்கு ஷிப்பிங் விவரம் அனுப்பும் மெயிலில் "இந்த நாட்டுக்கு எந்த ஒப்பந்தச் சர்டிபிகேட் வேண்டும்?" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும்.

ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை நம் பக்கத்துச் சரக்குக்கு அடிக்கடி தேவைப்படுவது இவை. இலங்கை 2000-லிருந்து. ஆசியானும் கொரியாவும் 2010 ஜனவரியிலிருந்து. ஜப்பான் 2011 ஆகஸ்டிலிருந்து. எமிரேட்ஸ் 2022 மே 1 முதல், ஆஸ்திரேலியா 2022 டிசம்பர் 29 முதல். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் நாலும் சேர்ந்த எஃப்டாவோடு 2025 அக்டோபர் 1 முதல். பிரிட்டன் ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. கையெழுத்தாகும் நாள் வேறு, நடைமுறைக்கு வரும் நாள் வேறு. பேப்பரில் கையெழுத்துப் படத்தைப் பார்த்துவிட்டு "இனி வரியில்லை" என்று பார்ட்டிக்கு விலை சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு கண்டெய்னரில் நல்ல அடி வாங்கினார்.

தறிச்சத்தம், கரூர்

தம்பி, சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் உங்கள் எச்.எஸ். கோடு சரியா என்று ஒரு தடவை பாருங்கள். இதில் அடிபட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

நாங்கள் கிச்சன் டவல், டேபிள் லினன், ஏப்ரன் செய்கிறோம். அப்பா காலத்திலிருந்து எல்லாவற்றையும் 6302-இல்தான் போட்டு வந்தோம். சமையலறைத் துணி அங்கேதான் வரும் என்பது சரி. ஆனால் தரை, மேசை துடைக்கிற தரத்தில் ஒரு துணி நெய்தோம், அது 6307. ஏப்ரன் உடுப்பாகப் போய்விடும், 6211. மூன்றையும் ஒரே பெட்டியில் செட்டாக அனுப்பிவிட்டு ஒரே கோடு போட்டோம். வாங்கியவர் நாட்டில் சுங்கம் பெட்டியைத் திறந்து, மூன்றுக்கும் தனித்தனியாக வரி போட்டு, சர்டிபிகேட்டில் ஒரு கோடுதான் இருக்கிறது என்று சலுகையை மொத்தமாக நிறுத்திவிட்டது. துணி நம்முடையது, தறி நம்முடையது, நூல் நம்முடையது, அப்படியிருந்தும் தாளில் தோற்றோம்.

முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். நம் ஊரில் எட்டு இலக்கம், அமெரிக்காவில் பத்து. சர்டிபிகேட்டுக்கு அந்த முதல் ஆறு உயிர்.

பனியன் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு குழிகள் சொல்கிறேன். டி-ஷர்ட் என்று 6109-இல் போடுவது கழுத்தில் காலரோ பட்டனோ திறப்போ இல்லாத சரக்குக்கு. காலரும் பிளாக்கெட்டும் (பட்டன் பட்டி) வைத்த போலோ ஆண்களுடையது என்றால் 6105, பெண்களுடையது என்றால் 6106. அடுத்தது, 86 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைகளின் உடுப்பு 6111-க்குப் போய்விடும். ஒரே டிசைன், ஒரே துணி, சைஸ் மாறினால் கோடு மாறும். உங்கள் 9,600 பீசில் என்னென்ன இருக்கிறது?

நொய்யல்கரை, திருப்பூர்

அக்கா, இதைப் படித்ததும் பேக்கிங் லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். 7,200 பீஸ் ரவுண்ட் நெக், 3 டாலர் 90 சென்ட். 2,400 பீஸ் ஆண்கள் போலோ, 4 டாலர் 70 சென்ட். ஷிப்பிங் பில்லில் மொத்தமும் 6109 என்று போயிருக்கிறது. இப்போது என்ன செய்வது? விண்ணப்பம் போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

துறைமுகவாசல், தூத்துக்குடி

நிறுத்தியது நல்லது. சுங்கச் சட்டத்தின் 149-ஆவது பிரிவில் ஷிப்பிங் பில்லைத் திருத்தக் கேட்கலாம். சரக்கு போன பிறகு கேட்டால், ஏற்றுமதி நடந்த நேரத்தில் ஏற்கெனவே இருந்த ஆவணத்தைக் காட்ட வேண்டும். இன்றைக்கு எழுதிக் கொண்டுவரும் கடிதம் செல்லாது. பார்ட்டியின் ஆர்டர் தாளில் "போலோ" என்று இருக்கிறதா? பேக்கிங் லிஸ்டில் ஸ்டைல் நம்பர் தனியாக இருக்கிறதா? இருந்தால் நிமிர்ந்து போய்க் கேளுங்கள். ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தரும் டிராபேக், ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். இரண்டுமே கோடு பார்த்துத்தான் கணக்காகிறது. கூடுதலாக எதுவும் வந்திருந்தால் வட்டியோடு நீங்களே திருப்பிக் கட்டிவிடுவது நல்லது, அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கோட்டா காலத்து ஆள், திருப்பூர்

எல்லாம் படித்தேன். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2004 டிசம்பர் 31 வரைக்கும் கோட்டா இருந்தது. அப்போது எந்த நாட்டுக்கு எத்தனை பீஸ் என்பதையே எங்கோ எழுதி வைத்திருந்தார்கள். கோட்டா கையில் இருந்தவன் ராஜா. இந்த ஒப்பந்தம் எதுவும் இல்லாமல்தான் இந்த ஊர் வளர்ந்தது. இப்போது என்ன நடக்கிறது? வரி குறைந்தால் மிச்சம் வாங்குகிறவனுக்கு. தாளைத் தயார் செய்யும் செலவும் ராத்திரி கண்விழிப்பும் நமக்கு. அடுத்த சீசனில் "உங்களுக்குத்தான் வரியில்லையே, விலையைக் குறையுங்கள்" என்று அதையும் நம்மிடமே கேட்பான். நாற்பது மிஷின் வைத்திருக்கிறவன் காஸ்ட் ஷீட், சர்டிபிகேட், ஐந்து வருடக் கோப்பு என்று எத்தனை பேரை வேலைக்கு வைப்பான்? பெரிய கம்பெனிக்குச் செய்த சட்டை இது, சின்னவன் உடம்புக்குப் பொருந்தவில்லை.

தறிச்சத்தம், கரூர்

அய்யா, சின்னவர்களுக்குச் சுமை என்பது முழுக்க உண்மை. எங்கள் ஆபீசில் நானும் இன்னொரு பெண்ணும்தான். ஆனால் மிச்சம் வாங்குகிறவருக்கு மட்டும்தான் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பங்களாதேஷைப் பாருங்கள். மிகவும் பின்தங்கிய நாடு என்ற வகையில் ஐரோப்பாவுக்கு அவர்கள் பனியன் வரியில்லாமல் போகிறது. நாம் அனுப்பும் அதே டி-ஷர்ட்டுக்கு அங்கே 12 சதவீதம் என்பதுதான் பொது விகிதம், சிறு சலுகை போக நமக்கு 9.6 சதவீதம் இருந்தது. பத்து டாலர் சரக்கில் கிட்டத்தட்ட ஒரு டாலர் பின்னால் நின்றுகொண்டுதான் நாம் இவ்வளவு நாள் ஓடினோம். ஆர்டர் நமக்கு வராமல் அங்கே போனதில் நம் தையல்காரரின் கூலிதான் போனது. 2026 நவம்பர் 24 அன்று அவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதன் பிறகும் ஐரோப்பா மூன்று வருடம் சலுகையைத் தொடரப்போகிறது. நமக்குச் சலுகை இருக்கிற நாட்டிலாவது அதை முழுசாக எடுக்க வேண்டாமா?

கோட்டா காலத்து ஆள், திருப்பூர்

பங்களாதேஷ் விஷயம் சரிதான் அம்மணி. அந்த ஓட்டத்தில் நானும் ஆர்டர் இழந்தவன்.

அப்படியென்றால் நான் செய்வதையும் சொல்கிறேன். ஆர்டருக்கு முன்னால் அனுப்பும் புரோஃபார்மா இன்வாய்ஸில் விலையை இரண்டாகச் சொல்வேன். சர்டிபிகேட்டோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை. ஜப்பானில் பொது விகிதம் டி-ஷர்ட்டுக்கு 10.9 சதவீதம், ஒப்பந்தத்தில் வரியில்லை. அதில் பாதியாவது நமக்கு வர வேண்டும் என்று மேசையிலேயே பேசிவிட வேண்டும். சரக்கு ஏறிய பிறகு பேசினால் நம் பேச்சு எடுபடாது. டெபிட் நோட் பற்றியும் அதிலேயே ஒரு வரி போடுங்கள்: வாங்குபவர் நாட்டு வரிக்கு நாங்கள் பொறுப்பில்லை, சர்டிபிகேட் வேண்டுமென்றால் ஆர்டர் தாளில் எழுதிக் கேளுங்கள் என்று. தம்பியின் ஆர்டரில் அப்படிக் கேட்டிருந்தார்களா?

நொய்யல்கரை, திருப்பூர்

ஆர்டர் தாளை மூன்று தடவை படித்தேன் அய்யா. சர்டிபிகேட் என்ற சொல்லே இல்லை. அதை இன்றைக்கே மெயிலில் எடுத்துக் காட்டுகிறேன்.

மருதமலை அடிவாரம், கோவை

இறக்குமதி செய்கிற பக்கத்திலிருந்து ஒன்று. நாங்கள் பம்ப் செட் செய்கிறோம். மோட்டார் உதிரிபாகம் ஒன்று ஆசியான் நாடு ஒன்றிலிருந்து வருகிறது. மெல்போர்ன்காரர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்பது, அவர் நிற்கும் இடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

10 லட்சம் ரூபாய் மதிப்புக்குக் கணக்கு சொல்கிறேன். அடிப்படை வரி 7.5 சதவீதம் என்றால் 75,000. அதன் மேல் சமூகநல சர்சார்ஜ் பத்தில் ஒன்று, 7,500. ஆக 10,82,500 மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. 1,94,850. மொத்தம் 2,77,350. ஒப்பந்தச் சலுகை கிடைத்தால் 1,80,000 ஐ.ஜி.எஸ்.டி. மட்டும். ஐ.ஜி.எஸ்.டி. எப்படியும் கிரெடிட்டில் திரும்பிவிடும். ஆக உண்மையில் கையை விட்டுப் போவது அந்த 82,500. எங்களைப் போன்ற கம்பெனிக்கு இது ஒரு மாத லாபத்தைத் தீர்மானிக்கும்.

2020 செப்டம்பர் 21 முதல் ஆரிஜின் சலுகையைச் சரிபார்க்கும் கரோட்டார் விதி வந்துவிட்டது. அதற்கு முன்னால் சப்ளையர் அனுப்பிய சர்டிபிகேட்டை நீட்டினால் போதும். இப்போது சரக்கு அங்கே எப்படித் தயாரானது, எத்தனை சதவீதம் அந்த நாட்டு மதிப்பு, எந்த விதியில் தேறுகிறது என்பதை இறக்குமதி செய்கிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படிவம் 1-இல் எழுதி, ஐந்து வருடம் கோப்பில் வைக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளுக்குள் பதில்.

எங்களிடம் கேட்டார்கள். சப்ளையரிடம் நான் கேட்டால், "சர்டிபிகேட் இருக்கிறதே, வேறு என்ன வேண்டும்?" என்று பதில். நாலு மெயில், இரண்டு போன். காஸ்ட் விவரம் தரவே மாட்டேன் என்றார். கடைசியில் வித்தியாச வரிக்கு பேங்க் கேரண்டி கொடுத்துத்தான் சரக்கை எடுத்தேன். 19 நாள் கண்டெய்னர் நின்றது. துறைமுக வாடகை, கண்டெய்னர் வாடகை இரண்டும் சேர்ந்து, நான் மிச்சம் பிடிக்க நினைத்ததில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிட்டது.

இன்னொரு கவனம். கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாள் நாளுக்கு 5,000, பிறகு நாளுக்கு 10,000. சரக்கு தூத்துக்குடியில் நிற்கும், மதிப்பீடு செய்கிற அதிகாரி வேறு ஏதோ ஊரில் இருப்பார். 2020 அக்டோபர் கடைசியிலிருந்து நாடு முழுக்க இப்படித்தான். யாரையும் நேரில் போய்ப் பார்த்து விளக்க முடியாது. ஆவணம்தான் நமக்காகப் பேசும்.

நொய்யல்கரை, உங்கள் பார்ட்டி நாளைக்கு உங்களிடம் காஸ்ட் விவரம் கேட்டால், என் சப்ளையர் போல நடந்துகொள்ளாதீர்கள்.

கதிர் நூல், கோவை

மில்லில் பஞ்சு வாங்கும் பிரிவில் இருக்கிறேன். நூல் எங்கிருந்து என்ற கேள்விக்கு எங்களிடம்தான் பதில் இருக்கிறது, ஆனால் எங்களிடம் வந்து கேட்பவர்கள் குறைவு.

பில்லில் "30-ஆம் நம்பர் கோம்ப்டு ஹோசியரி" என்று மட்டும் இருக்கும். அந்த நூலில் இருப்பது உள்நாட்டுப் பஞ்சா, வெளிநாட்டுப் பஞ்சா என்று இருக்காது. 2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தது. 2022-இல் சில மாதம் விலக்கினார்கள். அமெரிக்கா 50 சதவீதம் வரை வரியைக் கொண்டுபோன 2025 ஆகஸ்டில் மறுபடியும் விலக்கி, டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். வரி இல்லாத மாதங்களில் எங்கள் கலவையில் வெளிநாட்டுப் பஞ்சு கூடும், வரி வந்தால் குறையும். ஆக போன லாட்டுக்குச் சரியாக இருந்த காஸ்ட் ஷீட் இந்த லாட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். லாட் நம்பர் சொல்லிக் கேட்டால் மில்லில் எழுதித் தருவோம்.

உங்களுக்கு இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 51,000 டன் பஞ்சு வரியில்லாமல் இங்கே வரலாம். அவர்கள் வயலில் விளைந்த பஞ்சு நம் ஊரில் நூலாகி, திருப்பூரில் பனியனாகித் திரும்பிப் போனால், அந்தப் பஞ்சை இந்தியப் பொருளாகவே கணக்கில் சேர்க்க ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. அவிநாசி ரோட்டில் லாரியில் பேல் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

சிந்தடிக் நிட், திருப்பூர்

சீனத் துணி வாங்கி ஸ்போர்ட்ஸ் வேர் தைக்கிறோம். எங்களுக்கெல்லாம் எந்த ஒப்பந்தமும் உதவாதா?

துறைமுகவாசல், தூத்துக்குடி

ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறு. ஆசியான் ஒப்பந்தத்தில் பொது விதி இரண்டு பகுதி: எஃப்.ஓ.பி.யில் 35 சதவீதம் மதிப்பாவது இங்கே சேர்ந்திருக்க வேண்டும், அத்தோடு உள்ளே வந்த பொருளின் ஆறு இலக்கக் கோடும் வெளியே போகும் பொருளின் ஆறு இலக்கக் கோடும் வேறாக இருக்க வேண்டும். 4 டாலர் 10 சென்ட் பீசில் வெளிநாட்டுத் துணி 1 டாலர் 30 சென்ட் என்று வையுங்கள். மீதி 2.80, அதாவது 68 சதவீதம். துணி 60-ஆம் அத்தியாயம், உடுப்பு 61. இரண்டும் தேறும். வேறு ஒப்பந்தங்களில் உடுப்புக்கு என்று தனி விதி போட்டிருப்பார்கள், துணி இங்கேயே ஓட்டியிருக்க வேண்டும், நூலே இங்கே நூற்றிருக்க வேண்டும் என்றெல்லாம். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் உங்கள் கோட்டுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வாயில் விலை சொல்ல வேண்டாம்.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி

அண்ணா, அப்பா தேங்காய் மட்டை யார்டு வைத்திருக்கிறார். நான் மட்டைத் தூளை அழுத்திச் செய்யும் பித் பிளாக்கைக் கொரியாவுக்கு நேரடியாக அனுப்பலாம் என்று பார்க்கிறேன். ஐ.இ. கோடு வந்துவிட்டது. அடுத்து என்ன? ஆரிஜின் எங்களுக்கும் இவ்வளவு சிக்கலா?

துறைமுகவாசல், தூத்துக்குடி

உங்களுக்குத்தான் தம்பி ஆரிஜின் சுலபம். தென்னை இங்கே வளர்ந்தது, மட்டை இங்கே உரித்தது, பித் இங்கே கழுவி அழுத்தியது. முழுக்க முழுக்க இங்கேயே விளைந்த பொருள் என்ற வகை. நூல், துணி என்று கணக்குப் போட வேண்டியதில்லை. உங்கள் சிக்கல் வேறு பக்கம்: மண், களை விதை, பூச்சி. இவை இல்லை என்று காட்டும் ஃபைட்டோ சர்டிபிகேட் இல்லாமல் அங்கே பெட்டி திறக்காது.

அடுத்ததாக பேங்கில் ஏ.டி. கோடு (அந்நியச் செலாவணிக்கான பேங்க் எண்) வாங்கி, சரக்கு எந்தத் துறைமுகம் வழியாகப் போகிறதோ அந்தத் துறைமுகத்துக்குச் சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு செய்யுங்கள். பொள்ளாச்சியிலிருந்து கொச்சியும் பக்கம்தான். தூத்துக்குடிக்கு மட்டும் பதிந்துவிட்டுக் கொச்சிக்கு லாரி ஏற்றினால் ஷிப்பிங் பில் நகராது. காயர் போர்டில் பதிவும் வேண்டும். ஐ.இ. கோடு விவரத்தை வருடா வருடம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் தளத்தில் உறுதி செய்யுங்கள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். விட்டால் கோடு முடங்கும். சரக்கு கேட்டில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

மஞ்சள்மண்டி கணக்கு, ஈரோடு

கணக்குப் பக்கத்திலிருந்து சின்னதாக ஒன்று. ஐ.ஜி.எஸ்.டி. கட்டி அனுப்பினால் ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பம். அதில் இருக்கும் இன்வாய்ஸ் நம்பரும் ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் போடும் இன்வாய்ஸ் நம்பரும் ஒரு சாய்கோடு, ஒரு புள்ளி மாறினாலும் எஸ்.பி.005 என்ற பிழையோடு நிற்கும். எங்கள் ஆபீசில் ஒரு சாய்கோட்டால் நாலு மாதம் ரீஃபண்ட் நின்றது. முதல் ஏற்றுமதிக்காரர்கள் எல்.யு.டி. என்ற உறுதிப் பத்திரம் போட்டு வரி கட்டாமலே அனுப்பிவிடுவது நிம்மதி. ஏப்ரல் பிறந்ததும் புதுப்பிக்க வேண்டும்.

நொய்யல்கரை, உங்கள் ஷிப்பிங் பில் திருத்தம் முடிந்ததும் ஜி.எஸ்.டி. பக்கத்திலும் எச்.எஸ். கோடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நொய்யல்கரை, திருப்பூர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமை இருக்கிறது.

ஷிப்பிங் பில் திருத்தம் கிடைத்துவிட்டது. ஆர்டர் தாளிலும் பேக்கிங் லிஸ்டிலும் போலோ ஸ்டைல் நம்பர் தனியாக இருந்ததுதான் காப்பாற்றியது. 7,200 பீஸ் 6109, 2,400 பீஸ் 6105 என்று பிரித்துச் சர்டிபிகேட்டுக்குப் போட்டேன். முதல் தடவை திருப்பிவிட்டார்கள். காஸ்ட் ஷீட்டில் நூல் வாங்கிய கடை பெயர் போட்டிருந்தேன், மில் விவரம் கேட்டார்கள். கடைக்காரரிடம் போனால் அவருக்கே லாட் நினைவில்லை. நிட்டிங் ஓட்டிய இடத்தில் போய் உட்கார்ந்து, பழைய டெலிவரி சலான் கட்டைப் பிரித்து, கோன் பையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒன்றைக் கண்டுபிடித்தோம். அதில் லாட் நம்பர் இருந்தது. மில்லுக்கு எழுதினேன், மூன்றே நாளில் கடிதம் வந்தது. கதிர் நூல் அண்ணனுக்கு நன்றி, அவர் சொல்லியிருக்காவிட்டால் மில்லில் கேட்கலாம் என்றே தோன்றியிருக்காது.

சர்டிபிகேட் வந்துவிட்டது. பார்ட்டியின் புரோக்கர் அங்கே ரீஃபண்டுக்குப் போட்டிருக்கிறார். டெபிட் நோட்டை ரத்து செய்யவில்லை, ஆனால் ரீஃபண்ட் வரும்வரை நிறுத்தி வைத்து மீதிப் பணத்தை அனுப்பிவிட்டார்கள். நேற்று பேங்கில் ஏறியது.

அடுத்த ஆர்டர் 14,000 பீசுக்குப் பேச்சு நடக்கிறது. கோட்டா காலத்து அய்யா சொன்னபடி இரண்டு விலை சொன்னேன். சர்டிபிகேட்டோடு உள்ள விலையில் 8 சென்ட் கூட்டிக் கேட்டு, 6 சென்டுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது நூல் வந்து இறங்கும்போதே கோன் ஸ்டிக்கரைப் பிய்த்து ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நூல் பில் நம்பர், நிட்டிங் சலான், டையிங் சலான், கட்டிங் லாட் என்று வரிசையாக எழுதுகிறோம். வீட்டுக்காரம்மாதான் எழுதுகிறார்.

கோட்டா காலத்து ஆள், திருப்பூர்

6 சென்ட். நல்ல பேச்சு தம்பி. இத்தனை மாதம் கழித்து ஒரு ஸ்டிக்கரைத் தேடிக் கண்டுபிடித்தீர்களே, அதைப் படித்துவிட்டு என் ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு நம் கோன் பைகள் எங்கே போகின்றன என்று கேட்டேன். பழைய பேப்பர்காரருக்குப் போகிறதாம். இன்றிலிருந்து நிறுத்தியாயிற்று.

தறிச்சத்தம், கரூர்

அந்த நோட்டில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் போட்டோ எடுத்துப் போட முடியுமா தம்பி? எங்களுக்குச் சைசிங்கும் பாவும் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும், மற்றபடி அப்படியே எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நொய்யல்கரை, திருப்பூர்

கண்டிப்பாக அக்கா. பார்ட்டி பெயரை மட்டும் மறைத்துவிட்டு நாளைக்குச் சாயங்காலம் போடுகிறேன்.